மிதிவண்டிக்கு ஏற்ற கிரீஸ்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்து கொண்ட பயிற்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கிராம முன்னேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டிடம் ஆகியவையே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. இன்று நான் பேச எடுத்துக் கொண்டுள்ள பொருளோ உள்ளங்கையில் அடங்கி விடக் கூடியது. மிதிவண்டியின் சக்கரத்திற்குள் இடப்படும் கிரீஸை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே அது. இச்சிறு பொருளுக்கு ஒரு கூட்டம் வேண்டுமா என்று உங்களில் சிலர் எண்ணக் கூடும். கிராம வாழ்வு மிதிவண்டியோடு எவ்வளவு பிணைந்துள்ளது என்பதைச் சற்றே சிந்தித்தால் அவ்வையம் நீங்கி விடும்.

மோட்டார் வாகனங்கள் பெருகி விட்ட இந்நாளிலும், வயலுக்குச் செல்லும் முதியவருக்கும், பால் சங்கத்திற்குப் பால் கொண்டு செல்பவருக்கும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் மிதிவண்டியே துணையாக இருந்து வருகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எழுத்தறிவோடு இதனையும் ஏன் சேர்த்தார்கள்? தன் விருப்பப்படி ஓரிடத்திற்குப் போய் வர இயலாதவர் கற்ற கல்வி பாதிப் பயனே தரும் என்பதனால்தான். தமிழக அரசு 2001–2002ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப் பெற்றது.

இவையன்றிப் பஞ்சாயத்தின் சொந்த உடைமையாகவே மூன்று சக்கர மிதிவண்டிகள் பல ஊர்களில் உள்ளன. தெருத் தெருவாகக் குப்பை சேகரிக்கும் தூய்மைக் காவலர்கள் அவற்றைத் தள்ளிச் செல்கின்றனர். அவர்களில் மிகப் பலர் பெண்கள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை நம்பி வாழும் மாற்றுத் திறனாளிகளும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பாரம் ஏற்றிய வண்டியின் சக்கரம் வறண்டு போனால் அதனால் துன்புறுவது யார்? வண்டி வாய் திறந்து பேசாது. கிரீஸ் இல்லாத சக்கரத்திற்கு உரிய கூலியை, மிதிப்பவரின் முழங்காலும் தள்ளுபவரின் தோளுமே நாள்தோறும் கொடுத்து வருகின்றன. ஆகவேதான் இப்பொருள் பஞ்சாயத்தின் கவனத்திற்கு உரியதென்று கருதுகிறேன்.

சக்கரத்தின் உள்ளே நடப்பது என்ன?

மாட்டு வண்டியின் அச்சை நீங்கள் அறிவீர்கள். அங்கே அச்சின் மீது குடம் உராய்ந்து கொண்டே சுழலும். வைக்கோற்கரியை எண்ணெயில் குழைத்து அச்சில் மசகு இடுவது நம் முன்னோர் கண்ட வழக்கம். மிதிவண்டியில் அமைப்பு வேறு. அச்சின் இரு முனைகளிலும் கூம்பு போன்ற இரும்புத் துண்டுகள் திருகப்பட்டிருக்கும். அவற்றைக் கடைக்காரர் 'கோன்' என்பர். சக்கரக் குடத்தின் இரு பக்கங்களிலும் கிண்ணம் போன்ற 'கப்' பொருத்தப்பட்டிருக்கும். கோனுக்கும் கப்புக்கும் இடையே 'பால்ரஸ்' எனப்படும் எஃகு குண்டுகள் உருளும். இரும்பின் மீது இரும்பு தேய்ந்து செல்வதற்குப் பதிலாகக் குண்டுகளின் மீது உருண்டு செல்வதால் உழைப்பு மிகவும் குறைகிறது. பாரீஸ் நகரத்தைச் சேர்ந்த சூல் சுரிரே என்பவர் 1869ஆம் ஆண்டிலேயே மிதிவண்டிக்கான குண்டு அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். இன்று மின்சார மோட்டாரிலும் டிராக்டரிலும் நாம் காணும் பேரிங்குகளின் வளர்ச்சிக்கு மிதிவண்டியும் ஒரு காரணமாகும்.

நம் ஊர்ச் சாதாரண மிதிவண்டியின் முன்சக்கரத்தில் பெரும்பாலும் 3/16 அங்குலக் குண்டுகள் பக்கத்திற்குப் பத்தும், பின்சக்கரத்தில் 1/4 அங்குலக் குண்டுகள் பக்கத்திற்கு ஒன்பதும் இருக்கும். ஓட்டுபவரின் எடையும் அவர் ஏற்றிச் செல்லும் மூட்டையின் எடையும் ஒரு கணத்தில் இச்சிறு குண்டுகளில் இரண்டொன்றின் மீதே விழுகின்றன. குண்டுக்கும் கப்புக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிலவும் வரையில் உலோகங்கள் ஒன்றையொன்று கடிப்பதில்லை. அப்படலம் அற்றுப் போனால் கோனின் வழவழப்பான முகத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் விழும். குழி விழுந்த கோனை எந்தக் கிரீஸாலும் திருத்த இயலாது. மாற்றியே தீர வேண்டும்.

கிரீஸ் என்பது யாது?

கிரீஸ் ஒரு தனி எண்ணெய் அன்று. அது பெரும்பகுதி எண்ணெயும், அதனைத் தாங்கிப் பிடிக்கும் ஒருவகைச் சோப்பும், துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகள் சிலவும் சேர்ந்த கலவையாகும். கட்டித் தயிரை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி நீரே. ஆயினும் அது வழிந்தோடாமல் நிற்கிறது. அசைத்தாலோ அழுத்தினாலோ சிறிது நீர் கசிகிறது. கிரீஸில் எண்ணெய் இருக்கும் விதமும் அத்தகையதே. குண்டுகள் உருளும்போது தேவையான எண்ணெய் கசிந்து வேலை செய்கிறது. எஞ்சியது இடம் பெயராமல் காத்திருக்கிறது. நீண்ட நாள் வைத்திருந்த டப்பாவில் மேலே சிறிது எண்ணெய் மிதந்தால், தயிரில் நீர் தெளிவது போன்றதே அது எனக் கொள்ளலாம். கிளறிக் கலந்து கொள்ளலாம்.

தாங்கிப் பிடிக்கும் சோப்பு எது என்பதைப் பொறுத்தே கிரீஸின் குணம் அமைகிறது. ஆகவே, கிரீஸ் வாங்குபவர் முதலில் அறிய வேண்டுவது இதுதான். முக்கியமான வகைகள் மூன்று.

முதலாவது சுண்ணாம்புக் கிரீஸ், அதாவது கால்சியம் சோப்பினால் ஆனது. இது நீரில் கரையாது, விலையும் குறைவு. ஆனால், பழைய முறையில் செய்யப்பட்ட சுண்ணாம்புக் கிரீஸ் ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடைக் கடந்தால் கட்டுக்குலைந்து எண்ணெய் பிரிந்து விடும்.

இரண்டாவது சோடாக் கிரீஸ், அதாவது சோடியம் சோப்பினால் ஆனது. இது வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் நீர் பட்டால் பால் போலக் கலங்கிக் கரைந்து போகும். துணி துவைக்கும் சோப்பும் சோடாச் சோப்பே என்பதை நினைவிற் கொண்டால் இக்குணம் எளிதில் விளங்கும்.

மூன்றாவது லித்தியம் கிரீஸ். அமெரிக்காவைச் சேர்ந்த கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் 1942ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ 180 டிகிரி வரை உருகாமல் நிற்கும். நீரையும் ஓரளவு நன்கு எதிர்க்கும். இரு குணங்களும் ஒன்று சேர்ந்து அமைந்ததனால் 'பல்நோக்குக் கிரீஸ்' என்ற பெயரோடு உலகெங்கும் பரவியது. நம் கடைகளில் டப்பாக்களில் விற்கப்படுவதில் மிகுதியும் இதுவே. 2021, 2022ஆம் ஆண்டுகளில் மின்கலத் தொழிலின் தேவை பெருகி லித்தியத்தின் விலை கடுமையாக ஏறியபோது, கிரீஸ் செய்வோரின் கவனம் மீண்டும் சுண்ணாம்பு வகைகளின் பக்கம் திரும்பியது. ஆகவே, 'கால்சியம்' என்று டப்பாவில் கண்டதும் அதனைத் தாழ்ந்த சரக்கு என்று ஒதுக்கி விட வேண்டுவதில்லை.

மிதிவண்டியின் பகை எது?

மருந்தைத் தெரிந்தெடுக்கு முன் நோயைத் தெரிந்து கொள்ள வேண்டும். மிதிவண்டிப் பேரிங்கைக் கெடுப்பது வெப்பமா, நீரா, மண்ணா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 அங்குல மிதிவண்டிச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீட்டர் தூரம் செல்லும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் நிமிடத்திற்கு 250 மீட்டர் கடக்கிறார். எனவே, சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 110 சுற்றுகளே சுற்றுகிறது. உங்கள் கிணற்று மோட்டார் நிமிடத்திற்கு 1,440 அல்லது 2,880 சுற்றுகளுக்கு அருகில் சுற்றுவது. அதனோடு ஒப்பிட்டால் மிதிவண்டிச் சக்கரம் மிக மெதுவாகவே சுழல்கிறது. அதன் பேரிங்கு சூடேறுவதே இல்லை எனலாம். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் இரும்பு கையைச் சுடுமேயன்றி, நல்ல கிரீஸை உருக்கும் அளவிற்குப் போகாது.

ஆகவே, '250 டிகிரி வெப்பம் தாங்கும்' என்ற விளம்பரத்தைக் கண்டு கூடுதல் விலை கொடுத்து வாங்குவது மிதிவண்டிக்காரருக்கு வீண் செலவாகும். அந்தக் குணம் லாரிச் சக்கரத்திற்கு உரியது. மிதிவண்டியின் பகை நீரும் மண்ணுமே. ஐப்பசி, கார்த்திகை அடை மழையில் நனைவதும், வாய்க்காலில் இறங்கி ஏறுவதும், சேற்றில் அச்சு மூழ்குவதும், கோடையில் செம்மண் புழுதி படிவதும் அதன் அன்றாட வாழ்வு. உள்ளே புகுந்த நீர் கிரீஸைக் கழுவிக் கொண்டு போவதோடு நில்லாமல் எஃகு குண்டுகளைத் துருவாக்குகிறது. துருவும் மணலும் கிரீஸில் கலந்தால் அது சாணைக் கல்லின் வேலையைச் செய்யத் தொடங்கி விடும்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முடிவு எளியது. மிதிவண்டிக்குக் கிரீஸ் வாங்கும்போது நீரைத் தாங்குமா என்பதையே முதற் கேள்வியாகக் கேட்க வேண்டும். நல்ல லித்தியம் கிரீஸ் போதுமானது. சுண்ணாம்புக் கிரீஸும் மிதிவண்டிக்கு முற்றிலும் ஏற்றதே. சோடாக் கிரீஸ் ஆகாது. உப்புக் காற்று வீசும் நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில், படகுகளுக்கும் கடற்கரை யந்திரங்களுக்கும் உபயோகமாகும் கால்சியம் சல்பனேட் வகை கிடைத்தால் அது மேலும் சிறந்தது. நீரையும் துருவையும் அது மிக நன்றாக எதிர்க்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டப்பாவின் மீது 'என்.எல்.ஜி.ஐ.' என்ற எழுத்துக்களையும் அதனருகே ஓர் எண்ணையும் காணலாம். அது கிரீஸின் கெட்டித் தன்மையைக் குறிக்கும். கூம்பு ஒன்றை 25 டிகிரி வெப்பத்தில் உள்ள கிரீஸின் மீது விட்டு, 5 விநாடிகளில் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து இந்த எண்ணை நிர்ணயிக்கிறார்கள். 2ஆம் எண் கிரீஸில் கூம்பு 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரையிலும், 3ஆம் எண்ணில் 22 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலும் இறங்கும். எண் ஏறினால் கெட்டி மிகும். மிதிவண்டிக்கு 2ஆம் எண் மிகப் பொருத்தமானது. நம் கடைகளில் எளிதில் அகப்படும் 3ஆம் எண்ணையும் சக்கரங்களுக்கு இடலாம். நம் நாட்டு வெப்பத்தில் அது தீங்கு செய்யாது. சற்றுக் கனமாகச் சுழலும், அவ்வளவே.

நிறத்தைக் கண்டு மயங்க வேண்டா. சிவப்பும் நீலமும் பச்சையும் பெரும்பாலும் சாயத்தால் வருபவை. அவற்றைக் கொண்டு தரத்தை அறிய இயலாது.

பெயர் எழுதப்படாத சில்லறைக் கிரீஸை எடை போட்டு வாங்க நேர்ந்தால், ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சுண்டைக்காய் அளவு கிரீஸை எடுத்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் இட்டு விரல்களால் நன்றாகத் தேயுங்கள். நீர் பால் போல வெளுத்துக் கிரீஸ் கரைந்து நழுவினால் அது மிதிவண்டிக்கு உதவாது. நீர் தெளிவாக இருந்து கிரீஸ் விரலைப் பற்றிக் கொண்டிருந்தால் அதனை நம்பலாம். விரல் நுனியில் மணல் நெருடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக் கொள்ளுங்கள்.

எங்கே கிரீஸ், எங்கே எண்ணெய்?

நல்ல கிரீஸ் வாங்கியவர்கள் அதனை வண்டி முழுவதும் பூசி விடுவதும் உண்டு. இது பெருந்தவறு. மூன்று சொற்களில் இதனை நினைவில் வைக்கலாம். மூடிய இடத்திற்குக் கிரீஸ். திறந்த இடத்திற்கு எண்ணெய். பிடிக்கும் இடத்திற்கு ஒன்றுமில்லை.

மூடிய இடங்களாவன: முன், பின் சக்கரங்களின் குடங்கள், கிராங்கு அச்சு ஓடும் இடம், பெடல், ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி. இங்கெல்லாம் குண்டுகள் கப்புக்குள் மறைந்திருப்பதால் கிரீஸ் நீண்ட காலம் தங்கும். இவையன்றி, ஆசனக் கம்பி செருகும் குழாயிலும், மரைகளிலும் மெல்லியதாகக் கிரீஸ் பூசுதல் நலம். துருவேறி இறுகிய ஆசனக் கம்பியை உயர்த்த முடியாமல், வளர்ந்து விட்ட பிள்ளை காலை மடக்கி மடக்கி மிதிப்பதைப் பல ஊர்களில் காணலாம். ஒரு விரல் கிரீஸ் அதனைத் தடுத்து விடும். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பதை மறவாதீர்கள்.

திறந்த இடம் என்பது செயின். செயின் தேய்வது வெளியே தெரியும் பக்கத்தில் அன்று. கண்ணிகளின் ஆணியும் உருளையும் சேரும் உட்புறத்தில். கிரீஸ் அவ்வளவு குறுகிய இடைவெளியில் நுழையாமல் வெளியிலேயே தங்கிப் புழுதியைச் சேர்த்துக் கொள்ளும். ஆகவே செயினுக்குச் சைக்கிள் எண்ணெய் அல்லது தையல் யந்திர எண்ணெயைக் காட்டிலும் சற்றுக் கனமான யந்திர எண்ணெயை, கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பலமுறை சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்து விட வேண்டும். செயின் தேய்ந்து விட்டதா என்று அறியவும் வழி உண்டு. புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அதுவே 12⅛ அங்குலமாக நீண்டு விட்டால் செயினை மாற்றுவது நல்லது. இல்லையேல் பல் சக்கரமும் சேர்ந்து கெடும். பின்சக்கரத்திலுள்ள பிரீவீலுக்கும் எண்ணெயே ஏற்றது. கெட்டியான கிரீஸை அதற்குள் திணித்தால் உள்ளிருக்கும் சிறு நாக்குகள் ஒட்டிக் கொண்டு, மிதிக்கும்போது வழுக்கி விடும்.

பிடிக்கும் இடம் என்பது பிரேக். சக்கரத்தின் ரிம்மிலும், பிரேக் கட்டையிலும், புதுவகை வண்டிகளின் பிரேக் தட்டிலும் எண்ணெயோ கிரீஸோ ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது. பட்டால் வண்டி நிற்காது. டயரும் டியூபும் ரப்பரால் ஆனவை. கனிம எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். உடனே துடைத்து விடுங்கள்.

சில புதிய வண்டிகளில் பேரிங்குகள் நிரந்தரமாக மூடப்பட்டு வருகின்றன. அவற்றை நெம்பித் திறக்க முயல வேண்டா. கெட்டால் முழுமையாக மாற்றுவதே முறை.

கிரீஸுக்குப் பதிலாக இடப்படுபவை

வீட்டில் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவது நம் வழக்கம். சிக்கனம் நல்லதே, ஆனால் பிறகு அதிகச் செலவு வைக்கும் சிக்கனம் நமக்கு வேண்டா. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைகிறது. நாளடைவில் சிக்கு வாடை ஏறிப் பிசினாகிறது. மற்றச் சமையல் எண்ணெய்களும் காற்றுப் பட்டுப் பிசினாகி விடும். மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைச் செயினுக்கு விடுவோர் பலர். அதில் கரியும், உலோகத் துகளும், அமிலமும் கலந்துள்ளன. அது செயினை அரிப்பதோடு, தோலில் தொடர்ந்து பட்டால் உடலுக்கும் தீங்கு விளைவிக்கும். வாசலின் கோடை வெப்பத்திலேயே இளகி வழிந்து விடும். கிராபைட் கலந்த கறுப்புக் கிரீஸ் லாரியின் வில்பட்டைகள் போன்ற, அழுத்தத்தோடு உராயும் பாகங்களுக்கு உரியது. உருளும் குண்டுகளுக்கு அதனால் தனிப் பயன் இல்லை.

இடும் முறை

எவ்வளவு சிறந்த கிரீஸாயினும் அழுக்கின் மேல் இட்டால் பயனில்லை. பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, குண்டுகளையும் கப்பையும் கோனையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, துணியால் துடைத்து நன்றாக உலர விட வேண்டும். அடுப்பு, பீடி முதலியவற்றின் அருகில் இவ்வேலையைச் செய்யக் கூடாது. பெட்ரோலை இதற்கு உபயோகிக்கவே வேண்டா. கழுவிய அழுக்கு எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாத நிலையில் அதன் மீதே புதியதை இடுதல் தவறு. வெவ்வேறு சோப்புக்களால் ஆன கிரீஸ்கள் சில சமயம் ஒன்றோடொன்று ஒவ்வாமல் இளகி வழிந்து விடும். எனவே, ஊருக்கு ஒரே வகைக் கிரீஸைத் தெரிந்தெடுத்து அதனையே தொடர்ந்து உபயோகிப்பது நல்லது.

கோனின் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். குழி இருந்தால் மாற்றுங்கள். குண்டுகளில் ஒன்று கெட்டிருந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டுகள் எல்லாவற்றையும் புதிதாக இடுவதே நன்று. கப்பில் தாராளமாகக் கிரீஸைப் பூசி, குண்டுகளை அதில் ஒவ்வொன்றாகப் பதித்து, மேலும் சிறிது பூசி மூடுங்கள். மெதுவாகச் சுழலும் பேரிங்காதலால் சற்று மிகுந்தாலும் கெடுதல் இல்லை. உள்ளே இடம் நிறைந்திருந்தால் நீர் புகுவதும் தடைப்படும். வெளியே பிதுங்குவதை மட்டும் துடைத்து விடுங்கள்.

கடைசியாகக் கோனை முடுக்கும்போது, சக்கரம் பக்கவாட்டில் ஆடாமலும், அதே சமயம் இறுகாமலும் இருக்க வேண்டும். வண்டியைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தை மெல்ல விடுங்கள். டியூபின் வால்வு தன் எடையாலேயே கீழே வந்து, ஊஞ்சல் போல இருபுறமும் ஆடி ஓய்ந்தால் முடுக்கியது சரி. பாதியிலேயே நின்றால் சற்றுத் தளர்த்துங்கள்.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

ஒரு மிதிவண்டிக்கு முழுவதும் கிரீஸ் இடச் சில கரண்டிகளே போதும். அரைக் கிலோ டப்பா ஒன்று பத்து வண்டிகளுக்குக் குறையாமல் வரும். சில ஆயிரம் ரூபாய் பெறும் வண்டியின் ஆயுளைச் சில நூறு ரூபாய் பெறும் டப்பா நீடிக்கச் செய்கிறது என்றால், இதனினும் இலாபகரமான செலவு வேறு ஏது?

முற்காலத்தில் ஊருக்கு ஊர் வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைப் பிரித்து 'ஓவராயில்' செய்வது வழக்கம். அத்தகைய கடைகள் பல ஊர்களில் மறைந்து விட்டன. அங்கு கற்ற கைவேலையும் உடன் மறைந்து வருகிறது. ஊரில் எஞ்சியுள்ள மூத்த சைக்கிள் மெக்கானிக்கை அழைத்து, பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் இவ்வேலையைக் கற்பிக்க ஏற்பாடு செய்வது பஞ்சாயத்தால் இயலாத காரியமன்று. அவருக்கு உரிய கூலியைக் கொடுத்தே அழைக்க வேண்டும். இரண்டு ஸ்பானர், கோன் திருகும் மெல்லிய சாவி, ஒரு டப்பா கிரீஸ், ஒரு குப்பி எண்ணெய், சில பொட்டலம் குண்டுகள் ஆகியவை பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பெட்டியில் இருந்தால் போதும்.

காலத்தையும் நம் பழக்கத்தோடு பொருத்திக் கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில்தான் ஆயுத பூஜை வருகிறது. அன்று வண்டிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். பொட்டு வைக்கும் முன்பு குடத்தைப் பிரித்து நல்ல கிரீஸை இட்டு விட்டால், வரப் போகும் மழைக்கு வண்டி ஆயத்தமாகி விடும். மழைக்காலம் முடிந்து பொங்கல் கழிந்தபின் மறுமுறை பிரித்துப் பார்த்து, நீர் புகுந்திருந்தால் மாற்றி விடலாம். ஆண்டில் இந்த இரு தடவை போதும். நாள்தோறும் பாரம் சுமக்கும் குப்பை வண்டிகளுக்கு மட்டும் மூன்று மாதத்திற்கு ஒரு முறை பார்த்தல் நலம்.

அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபையில் வரவு செலவுகளோடு, பஞ்சாயத்தின் மூன்று சக்கர வண்டிகள் எத்தனை, அவற்றில் ஓடும் நிலையில் உள்ளவை எத்தனை, கடைசியாகக் கிரீஸ் இட்ட நாள் எது என்பதையும் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். விடை சொல்ல வேண்டியவர்கள் அதற்கு முன்பாகவே வேலையை முடித்து வைத்திருப்பார்கள். கேள்வி கேட்பதும் கிராம முன்னேற்றத்தில் ஒரு பங்கே ஆகும்.

அன்பர்களே, இப்போது சொன்னவற்றில் கடினமானது எதுவும் இல்லை. நீரைத் தாங்கும் கிரீஸைத் தெரிந்தெடுங்கள், தூய்மை செய்த பின் இடுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். வீட்டுக்குச் சென்றதும் உங்கள் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று ஒலி வந்தால் இவ்வார ஓய்வு நாளிலேயே வேலையைத் தொடங்குங்கள். அதன் பிறகு பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் நிற்கும் குப்பை வண்டியின் சக்கரத்தையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.